மறு: பெட்ரோல் முள் அத்தியாயம் – ‘அனுப்பி’ வேண்டாம், ‘மிதவைத்தடையி’ என்போம்

வணக்கம் ஐயா. குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய அமெரிக்க பிக்அப் வண்டிகளுக்கான பழுதுநீக்கக் குறிப்பில் பெட்ரோல் முள் அத்தியாயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஐயா தொகுத்துத் தந்த கலைச்சொல் பட்டியலில் பெரும்பாலான சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டேன். சில சொற்களில் எனக்கு உடன்பாடு இல்லை; முக்கியமாக, தொட்டிக்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் உறுப்பான செண்டிங் யூனிட்டுக்கு வைத்த ‘அனுப்பி’யில். (> குறியுள்ளவை ஐயாவின் வரிகள்.) அதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தொட்டிக்குள் இருக்கும் செண்டிங் யூனிட்டுக்கு ‘அனுப்பி’ போதுமே. மூலச்சொல்லின் பொருளும் அதுதான், சொல்லும் சிறியது.

சிறியதுதான். ஆனால் அந்த உறுப்பு எதையும் அனுப்புவதில்லை, ஐயா. 1973 முதல் 1986 வரை வந்த செவ்ரோலே சி10 வண்டியை எடுத்துக்கொள்வோம். தொட்டிக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பிக்கை, கையின் மறுமுனையில் ஒரு தொடுமுனை. பெட்ரோல் ஏற இறங்க, அந்தத் தொடுமுனை மெல்லிய தடைக்கம்பிச் சுருள்மேல் உரசி நகரும். அவ்வளவுதான் உள்ளே இருப்பது. தொட்டி காலி என்றால் மின்தடை ஏறத்தாழ 0 ஓம், நிறைந்திருந்தால் 90 ஓம். மின்சாரம் முழுக்க மேலிருந்து, டேஷ்போர்டில் உள்ள காட்டி வழியாக வருகிறது. தொட்டியில் உள்ளது அதற்குக் குறுக்கே நிற்கும் ஒரு தடை மட்டுமே.

காட்டிக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று முள்ளைக் காலிப் பக்கம் இழுக்கும், மற்றது நிறைவுப் பக்கம் இழுக்கும். நிறைவுச் சுருளுக்கு இணையாகத் தொட்டியின் தடை சேர்ந்திருக்கிறது. தடை 0 ஆகும்போது மின்னோட்டம் நிறைவுச் சுருளுக்குள் போகாமல் அந்த எளிய வழியிலேயே ஓடிவிடும். முள் காலிக்குச் சாயும். தடை கூடக்கூட நிறைவுச் சுருளுக்குப் பங்கு கூடும், முள் ஏறும். இரண்டு இழுப்புகளின் விகிதம்தான் முள்ளின் இடம் என்பதால் பேட்டரி கொஞ்சம் இளைத்திருந்தாலும் முள் பெரிதாக மாறாது. அழகான ஏற்பாடு.

‘அனுப்பி’ இடிப்பது இங்கேதான். வண்டிக்கு அடியில் போய், தொட்டிமேல் உள்ள வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் முள் என்ன செய்யும்? ‘அனுப்பி’ என்று படித்தவர், செய்தி நின்றுபோனது, முள் காலியில் விழும் என்றுதான் எதிர்பார்ப்பார். செவ்ரோலேயில் முள் நிறைவுக் கோட்டையும் தாண்டிப் போய் நிற்கும். வயர் அறுந்தால் தடை எல்லையற்றது, அதனால் முள் உச்சிக்குப் போகிறது. புதிதாகக் கற்பவர் இதைப் பார்த்துவிட்டு, காட்டிதான் கெட்டுவிட்டது என்று டேஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார். ‘தடை’ என்ற சொல் பெயரிலேயே இருந்தால் அவர் அரை நிமிடம் யோசிப்பார், கை சரியான இடத்துக்குப் போகும்.

குறிப்பில் சோதனையை இப்படி எழுதியிருக்கிறேன். முள் எப்போதும் நிறைவுக்கு மேலேயே நிற்கிறதா? தொட்டி வயரைக் கழற்றி வண்டியின் சட்டத்தில் (சேஸிஸில்) சுத்தமான இரும்பில் தொடுங்கள், தடை 0 ஆகிவிடும். முள் காலிக்கு இறங்கினால் காட்டியும் வயரும் நலம், பழுது தொட்டிப் பக்கம். இறங்காவிட்டால் வழியில் வயர் அறுந்திருக்கிறது, அல்லது காட்டி போய்விட்டது. மாறாக முள் எப்போதும் காலியிலேயே கிடக்கிறதா? வயரைக் கழற்றுங்கள். உடனே ஏறினால் குற்றம் மறுபடியும் தொட்டிக்குள்தான். ஏறாவிட்டால் வயர் எங்கோ தோல் உரிந்து சட்டத்தில் படுகிறது, அல்லது காட்டிக்கே மின்சாரம் வரவில்லை.

ஃபோர்டுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். 1987க்கு முந்தைய எஃப்-150 வண்டிகளில் காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10 ஓம் அளவில். வயரைக் கழற்றினால் முள் காலியில் விழும், சட்டத்தில் தொட்டால் ஏறும். அந்தக் காட்டி சூடேறி வளையும் ஈருலோகத் தகட்டால் இயங்குவது. முள் சாவகாசமாகத்தான் நகரும், தொட்டியில் பெட்ரோல் அலைந்தாலும் ஆடாது. அதற்குச் சராசரியாக 5 வோல்ட் மட்டும் விட்டுவிட்டு ஊட்டும் சீராக்கி ஒன்று தனியே இருக்கிறது. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் கிறுக்குத்தனம் செய்தால் தொட்டியை மறந்துவிட்டு அந்தச் சீராக்கியைப் பாருங்கள். இந்த வகையில் வயரை நேரடியாகச் சட்டத்தில் தொட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, காட்டி வெந்துவிடும். இடையில் 10 ஓம் தடை ஒன்றைச் சேர்த்துத் தொடுவதே நல்லது.

ஆக, செவ்ரோலே உறுப்பை ஃபோர்டில் மாட்டினால் முள் பொய் சொல்லும். கடையில் வாங்கும்போது கேட்க வேண்டியது ஓம் அளவைத்தான். இதையும் ‘அனுப்பி’ மறைத்துவிடுகிறது.

> சரி, ‘உணரி’ என்று பொதுவாகச் சொல்லலாமே? எல்லாவற்றுக்கும் அதுதானே வழக்கு.

அதனால்தான் தயங்குகிறேன். வெப்ப உணரி, அழுத்த உணரி, ஆக்சிஜன் உணரி என்று ஏற்கெனவே ஒரு கூட்டம் நிற்கிறது. தவறில்லை, ஆனால் எப்படி உணர்கிறது என்று சொல்லாத பெயர்.

நம் ஊர் மெக்கானிக் பாருங்கள், ‘டேங்க் ஃப்ளோட் போச்சு’ என்பார். மிதவையின் பெயரையே முழு உறுப்புக்கும் வைத்துவிட்டார். அவர் பாதி வேலையை முடித்துவைத்திருக்கிறார், மீதிப் பாதியை நாம் ஒட்டினால் போதும்: ‘மிதவைத்தடையி’. ரெசிஸ்டரைத் தமிழ்நாட்டில் மின்தடையம் என்றும் இலங்கையில் தடையி என்றும் வழங்குகிறோம். கூட்டுச்சொல்லில் தடையி நாக்கில் எளிதாக உருளுகிறது, அதனால் இலங்கை நண்பர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இன்னொரு வசதி, பழுதின் பெயர்கள் தாமாகவே விழுகின்றன. மிதவை ஓட்டை: பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் புகுந்தால் மூழ்கிவிடும், முள் காலியைக் காட்டும். கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே தளும்பும் ஒலி கேட்கும். தடைத் தேய்வு: பெரும்பாலோர் வண்டியை அரைத் தொட்டிக்கும் காலிக்கும் நடுவில்தான் ஓட்டுவார்கள். சுருளும் அந்த இடத்தில்தான் தேயும். முள் மற்ற இடங்களில் ஒழுங்காக இருந்து அங்கே வந்ததும் துள்ளினால் வேறெங்கும் தேட வேண்டாம். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு கம்பிக்கையை மெதுவாக உயர்த்துங்கள். ஓம் எண் சீராக ஏறாமல் ஓரிடத்தில் தாவும்.

> எர்த்துக்குப் ‘புவி இணைப்பு’.

வீட்டு மின்சாரத்துக்குச் சரி. ரப்பர் சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கும் புவிக்கும் என்ன உறவு? ‘சட்ட இணைப்பு’ எனலாமா? சட்டம் என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். ‘அடிச்சட்ட இணைப்பு’ என்றால் அந்தக் குழப்பம் வராது. இந்தச் சொல் குறிப்பில் அடிக்கடி வரும். காரணம், செவ்ரோலேயில் முள் உச்சியில் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான்: தொட்டியிலிருந்து சட்டத்துக்குப் போகும் சின்ன வயரின் முனை துருப்பிடித்துக் கிடக்கும். மிதவைத்தடையியின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் தற்காலிகமாக ஒரு வயரை இழுத்துப் பாருங்கள். முள் ஒழுங்கானால் தொட்டியை இறக்கும் வேலையே மிச்சம்.

> டேங்க் – தாங்கி.

இலங்கையில் தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி எல்லாம் இயல்பான வழக்கு, எனக்கும் பிடிக்கும். தமிழ்நாட்டு இயந்திரவியலில் பேரிங்குக்குத் தாங்கி என்று வைத்துவிட்டார்கள். ஒரே குறிப்பில் சக்கரத் தாங்கியும் எரிபொருள் தாங்கியும் வந்தால் வாசகர் திண்டாடுவார். தொட்டி என்றே வைத்திருக்கிறேன்.

> எரிபொருள்மானி / எரிபொருள்காட்டி?

காட்டி. லிட்டர் கணக்கெல்லாம் அது சொல்வதில்லை, ஏறத்தாழ எவ்வளவு என்று காட்டுகிறது, அவ்வளவே.

பாக்கி இருப்பது ஒன்று. தொட்டி வாயில் மிதவைத்தடையியை அழுத்திப் பிடித்திருக்கும் வளையம் இருக்கிறதே, அதற்குப் ‘பூட்டுவளையம்’ என்று எழுதியிருக்கிறேன். அதைத் தட்டித் திருப்பும் பித்தளைத் துண்டுக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. இரும்பு உளியால் தட்டினால் பொறி பறக்கும், பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடம்; அதனால் பித்தளை என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ‘பித்தளைத் தட்டுகோல்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். பாத்திரப் பட்டறையிலோ கன்னார் தெருவிலோ இதற்கு வழக்குச்சொல் இருக்கும். கேட்டறிந்தவர்கள் யாராவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.