மறு: பொம்மை ரயில் கலைச்சொற்கள் – ‘ரீஇஷ்யூ’வை எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய பொம்மை ரயிலையும் அதன் துணைப்பொருள்களையும் பின்னாளில் மறுபடி தயாரித்து விற்பதை ஆங்கிலத்தில் ‘ரீஇஷ்யூ’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> மறுவெளியீடு என்றே வைத்துவிடலாமே. நூலுக்கும் அஞ்சல்தலைக்கும் அதைத்தானே சொல்கிறோம்?

வேறு இடமென்றால் நானும் சரி என்றிருப்பேன். பொம்மை ரயிலில் அது காலை வாரிவிடும். மறுவெளியீடு என்றதும், முதலில் வெளியிட்டவரே மறுபடி வெளியிட்டார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். இங்கே கதை அப்படி இல்லை. ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம், 1969-இல் பொம்மை ரயில் பாகங்களை வடிக்கும் அச்சுகளையும் பெயருரிமையையும் உணவு நிறுவனமான ஜெனரல் மில்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 1986-இல் மறுபடி கை மாறியது. அமெரிக்கன் ஃப்ளையர் என்ற இன்னொரு பொம்மை ரயில் வரிசையின் கதை இன்னும் சிக்கல். அதைச் செய்துவந்த ஏ. சி. கில்பர்ட் 1967-இல் நொடித்தபோது, காலமெல்லாம் போட்டி போட்ட லயனலே வாங்கிக்கொண்டது. 1979 முதல் அந்தப் பெயரில் ரயில்கள் திரும்ப வந்தன. அச்சு கில்பர்ட்டுடையது, விற்றவர் லயனல். இதில் ‘மறு’வெளியிட்டவர் யார்?

நேர் எதிரான வழக்கும் உண்டு. எம்டிஹெச் என்ற பொம்மை ரயில் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லயனல் தகர ரயில்களைப் பார்த்து அதே தோற்றத்தில் புதிதாக அச்சு செய்து தயாரித்தது. 2009 முதல் லயனல் உரிமத்தோடு, லயனல் பெயரைப் பெட்டியில் போட்டே விற்றது. பெயர் பழசு, அச்சு புதுசு.

ரயிலோடு சேர்த்து வைக்கும் கேட், கட்டடம் போன்ற பழைய துணைப்பொருளைத் தேடி அலைகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது இந்த அச்சு விவகாரம்தான். 1950-களில் வாங்கிய கருவியில் ஒரு கதவோ கூரையோ உடைந்திருந்தால், அதே அச்சில் பின்னால் வந்த பிரதியிலிருந்து கழற்றிப் பொருத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. புது அச்சில் செய்ததென்றால் திருகுத் துளையே ஒத்துவராமல் போகலாம்.

> அப்படியானால் ‘மறுஅச்சு’ என்று சொல்வோம்.

முதலில் படித்தபோது எனக்கும் பிடித்தது. நாணய அச்சு, செங்கல் அச்சு, நூல் அச்சு என எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல். ஆனால் ரயில் பேச்சில் அச்சு என்றால் சக்கரத்தை இணைக்கும் தண்டு! மாற்றுச் சக்கரமும் அச்சும் தனியாகவே விற்கிறார்கள். ‘மறுஅச்சுப் பெட்டி’ என்று எழுதினால் தண்டு மாற்றிய ரயில்பெட்டி என்றுதான் படிப்பார்கள். புணர்ச்சி விதிப்படி ‘மறுவச்சு’ என்று சேர்த்து எழுதினாலோ, என்னத்தை மறுபடி வச்சு என்று கேட்பார்கள்.

‘மறுவார்ப்பு’ என்ற முன்மொழிவும் வந்தது. பழசை உருக்கி ஊற்றிவிட்டார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. தகட்டை அழுத்தி வடித்த பொருளுக்கு வார்ப்பு பொருந்தவும் செய்யாது.

ஆகவே என் வாக்கு ‘மறுபதிப்பு’க்கு. பதித்தல் என்பதே அழுத்தி உருவெடுப்பது. பதிப்பகம் மாறினாலும் அதே நூல் மறுபதிப்பாக வருவது நமக்குப் பழக்கம்தான். அதைவிடப் பெரிய வசதி, இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பமே இருக்கிறது. அசல் காலத்துச் சரக்கு ‘முதற்பதிப்பு’. அதே அச்சில் பின்னால் வந்தது ‘மறுபதிப்பு’. வெளித்தோற்றம் அதேதான், உள்ளே மோட்டாரையோ மின்சுற்றையோ மாற்றியிருக்கிறார்கள் என்றால் ‘திருத்திய மறுபதிப்பு’. புது அச்சில் பழைய முகம் என்றால், அதை இந்த வரிசையில் சேர்க்காமல் ‘மீளுரு’ என்று தனியே வைக்கலாம்.

திருத்தியதா இல்லையா என்பது சும்மா நுணுக்கத்துக்காகச் சொல்லவில்லை. லயனலின் 3656 என்ற எண்ணுள்ள பொம்மை மாட்டுப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாடுகளை நகர்த்துவது மோட்டார் அல்ல, அதிர்வு. மாறுமின்னோட்டம் கம்பிச்சுருளில் பாயும்போது தகடு படபடவென்று துடிக்கும். அந்தத் துடிப்பில் மாடுகள் ஒவ்வொன்றாகப் பட்டியிலிருந்து வண்டிக்குள் ஊர்ந்து போகும். நேர்மின்னோட்டம் கொடுத்தால் தகடு ஒரேயடியாக ஒட்டிக்கொண்டு நிற்கும், மாடும் நிற்கும். பழைய நிலக்கரி ஏற்றி, மரக்கட்டை ஏற்றி போன்றவற்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது. விற்பவர் வெறும் ‘மறுபதிப்பு’ என்று நிறுத்தினால், உள்ளே பழைய மோட்டாரா, உறைக்குள் அடைத்த புது மோட்டாரா என்று கேட்டுவிடுவது நல்லது.

இனி ‘ஆப்பரேட்டிங் ஆக்சஸரி’, அதாவது மின்சாரத்தில் தானே அசைந்து வேலை செய்யும் துணைப்பொருள். இயங்குதளம் நிலைத்துவிட்ட பிறகு ‘இயங்குதுணை’ என்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. இயங்கிய, இயங்குகிற, இயங்கும் என மூன்று காலமும் அதில் அடக்கம். பழைய சரக்கு விற்பவர்கள் பலமுறை முதல் காலத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார்கள் என்பது வேறு விஷயம்!

எடுத்துக்காட்டுக்கு லயனலின் 145 என்ற எண்ணுள்ள கேட்காரர் பொம்மையை வைத்து எழுதிப் பார்ப்போம். 1935-இல் 45 என்ற எண்ணில் வந்தவரின் வாரிசு இவர். 1950-இல் எண் மாறியது. சின்ன வெள்ளைக் கூண்டு, பக்கத்தில் ரயில் கடவை எச்சரிக்கைப் பலகை. தண்டவாளத்துக்கு அடியில் ஓர் அழுத்தத் தொடுப்பி. ரயிலின் கனம் அழுத்தியதும் சுற்று இணையும், சுருள் நெம்புகோலை இழுக்கும், கதவு திறந்து கேட்காரர் கையில் விளக்கோடு விருட்டென்று வெளியே வருவார். கடைசிப் பெட்டி தாண்டியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவ்வளவுதான் அவர் வேலை, ஆனால் லயனல் இயங்குதுணைகளில் மிக அதிகம் விற்றவர்களில் ஒருவர்.

சொற்பட்டியலில் விளக்கம் இப்படி இருக்கலாம்: “145 கேட்காரர், இயங்குதுணை, முதற்பதிப்பு, விளக்கு மட்டும் நகல் பாகம்.” கூண்டு பழசாகவும் ஆள் புதுசாகவும் கிடைப்பது இந்தச் சந்தையில் சகஜம் என்பதால் ‘நகல் பாகம்’ என்ற சொல்லும் வேண்டும். முழுக் கருவிக்கு நகல் என்று சொல்லவேண்டாம். அதற்கு மீளுரு இருக்கிறது.

தண்டவாளமும் துணைப்பொருள்களும் பரப்பிவைத்த ‘லேஅவுட்’டுக்கு முன்மொழிந்த ‘தடக்களம்’ எனக்குச் சம்மதம். தளவமைப்பை அச்சுத்துறைக்கும் கணினிக்கும் விட்டுவிடுவோம்.

> தெருவிளக்கு, நிலையக் கட்டடம் எல்லாம் இயங்குதுணையா?

இல்லை. எரிவது மட்டும் போதாது, ஏதாவது அசைய வேண்டும். அப்புறம் லயனலின் 394 சுழல்விளக்கு கோபுரத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதில் மோட்டாரும் இல்லை, சுருளும் இல்லை. பல்பின் சூட்டில் மேலெழும் காற்றே தொப்பியைச் சுழற்றுகிறது. அடுத்து வந்த 494-இல் அதிர்வுப் பொறி வைத்தார்கள். இரண்டையும் இயங்குதுணையில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மறுப்பிருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இந்தச் சொற்களையெல்லாம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.