லாரி பி. வழக்கும் ஐக்யூ டெஸ்டும்: இரண்டு நீதிபதிகள், இரண்டு தீர்ப்பு, எப்படி?

நெய்தல்:
பள்ளி உளவியல் பாடத்தில் ஒரு சந்தேகம். கறுப்பினப் பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட ஐக்யூ டெஸ்ட் கூடாது என்று 1979இல் கலிஃபோர்னியாவில் லாரி பி. வழக்கில் நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்தார். மறு வருடமே சிகாகோவில் நீதிபதி கிரேடி டெஸ்டில் பெரிய குறை இல்லை என்கிறார். எப்படி? இன்னொன்று: ஒரு கல்வி மாவட்டத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்று எப்படிக் கணக்கிடுவது?

கற்றாழை:
இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வியே வேறு. பெக்கம் விளைவைப் பார்த்தார். 1968-69இல் மாநில மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 9%, அந்த வகுப்புகளில் 27%. உள்ளே போனால் அது முட்டுச்சந்து. கிரேடி கேள்விகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பிலேயே எழுதிப் பார்த்து, வெச்ஸ்லர் என்ற ஐக்யூ டெஸ்டில் 8, ஸ்டான்ஃபோர்ட்-பினே என்ற டெஸ்டில் 1 மட்டுமே சந்தேகம் என்றார். அந்த எட்டில் ஒன்று: பில்லை ரொக்கமாகக் கட்டுவதைவிடச் செக்கில் கட்டுவது ஏன் நல்லது? வீட்டில் பேங்க் கணக்கே இல்லாத பிள்ளை இதற்கு என்ன சொல்லும்? ஆனால் எட்டையும் தூக்கிவிட்டாலும், டெஸ்டுக்கு யாரை அனுப்புகிறார்கள் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

முகில்:
அதேதான். பாதித் தப்பு டெஸ்டுக்கு முன்பே நடந்துவிடுகிறது. 2002இல் ஸ்கிபா குழு பார்த்தது டெஸ்டை அல்ல, ஒழுங்கு நடவடிக்கைக்குப் பள்ளி அலுவலகத்துக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதை: வெள்ளையினப் பிள்ளைகளைப் புகைபிடித்தது, பொருளை உடைத்தது என்று கண்ணுக்குத் தெரிகிற குற்றங்களுக்கு அனுப்பினார்கள், கறுப்பினப் பிள்ளைகளை “மரியாதை இல்லை”, “சத்தம் போடுகிறான்” என்று. டெஸ்டுக்கான பரிந்துரைத் தாளிலும் அப்படி இருந்தால் எந்தப் பாடவேளை, யார் என்ன சொன்னபின், எத்தனை நிமிடம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிறகு வகுப்பில் உட்கார்ந்து பேசுகிறானா என்று 15 விநாடிக்கு ஒரு குறி போடுங்கள், பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் சேர்த்து. அவனும் அதே அளவு பேசுகிறான் என்றால் பிரச்சினை வேறு இடத்தில். அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்கிறதா என்று பார்க்கும் வைன்லேண்ட் படிவத்தைத் தாயிடமும் கேட்டு நிரப்புங்கள். தனியாகப் பஸ் ஏறி, மீதிச் சில்லறை எண்ணி வாங்கி, தம்பிக்குச் சோறு போடுகிற பிள்ளைக்கு ஐக்யூ டெஸ்டின் வெறும் 68 மார்க்கை வைத்து முத்திரை குத்த முடியாது. பாடமே ஒழுங்காக நடக்காத பள்ளியிலிருந்து வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் குறைபாடு என்று சொல்ல அமெரிக்க மத்தியச் சட்டமே விடாது.

சிறுதானியம்:
கணக்கு எளிது. 400 கறுப்பினப் பிள்ளைகளில் 24 பேர் மனவளர்ச்சி குன்றியோர் பிரிவில் என்றால் 6%. மற்ற 3,600 பேரில் 72 என்றால் 2%. ஆக 3 மடங்கு. பலர் தவறுவது இங்கேதான்: “மற்றவர்கள்” இடத்தில் மொத்த 4,000 பேரையும் போட்டுவிடுவார்கள். 96 பேர், 2.4%, மடங்கு 2.5 ஆகச் சுருங்கிவிடும். எத்தனை மடங்கு வரை போகலாம் என்ற வரம்பை மாநிலம் வைக்கிறது. தாண்டிய மாவட்டம் மத்தியச் சிறப்புக் கல்வி நிதியில் 15%ஐ முன்கூட்டிய உதவிக்கு ஒதுக்கியாக வேண்டும். 12 பிள்ளைகளில் 2 பேர் என்கிற மாதிரி சின்ன எண்களில் மடங்கு தாறுமாறாக ஆடும், நம்பாதீர்கள்.

முகில்:
ஒன்று சேர்க்கிறேன். மடங்கைக் குறைக்க மதிப்பீட்டையே தள்ளிப்போடும் மாவட்டங்களும் உண்டு. எண் அழகாகும், உதவி வேண்டிய பிள்ளை காத்துக் கிடக்கும். மாநிலம் வேறு கெடு வைக்காதவரை, மதிப்பீட்டை முடிக்கப் பெற்றோர் ஒப்புதல் வந்த நாளிலிருந்து 60 நாள்தான்.