வேலைக்கு மாண்டரின் கட்டாயம் என்று கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சிங்கப்பூர் நண்பர்களுக்கு வணக்கம். என் தங்கை கணக்காளர் வேலை தேடுகிறாள். ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் ஆங்கிலம், மாண்டரின் இரண்டும் கட்டாயம் என்று இருந்தது. வேலையோ முழுக்க கணக்கு சார்ந்தது, வாடிக்கையாளரைப் பார்க்கவே வேண்டாம். விசாரித்தபோது, "டீமில் எல்லோரும் மாண்டரின்தான் பேசுவார்கள்" என்றார்கள். இது சரியான காரணமா?

எனக்குத் தெரிந்தவரை, வேலையிட நியாய நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் (TAFEP) அமைப்பின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி வேலைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால்தான் ஒரு மொழியைக் கேட்கலாம், காரணத்தையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும். சீனச் சுற்றுப்பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டி என்றால் நியாயம்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டமும் மொழித்திறனைப் பாதுகாக்கப்பட்ட அம்சங்களில் சேர்த்திருக்கிறது. ஆனால் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு உண்டு. இதுவும் சின்ன நிறுவனம்தான்.

ஆங்கிலமும் தமிழும் நன்றாகத் தெரிந்த பெண், தகுதியும் இருக்கிறது. விண்ணப்பிக்கவே தயங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

டாஃபெப்பிடம் யாராவது புகார் கொடுத்திருக்கிறீர்களா? விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் போதுமா? பெயர் வெளியே தெரியுமா? அப்புறம், மாண்டரின் தெரியாது என்று சொல்லியே விண்ணப்பித்து வேலை கிடைத்தவர்கள் இருந்தால், என்ன எழுதினீர்கள் என்று அவசியம் சொல்லுங்கள்.