சறுக்கல், மிதப்பு, காற்றேறல்: கிளைடர் மேலே ஏறுவதற்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர், எழும் காற்றைப் பிடித்து மேலே ஏறிப் பறப்பதைத் (soaring) தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, மூன்று நாளாக இந்த இழையில் 'சறுக்கல்' போதும் என்று ஒரு பக்கமும் 'மிதப்பு'தான் சரி என்று இன்னொரு பக்கமும் பேசிவருகிறோம். இரண்டுமே இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

எஞ்சின் இல்லாத விமானம் அசையாத காற்றில் சறுக்கத்தான் செய்யும். நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 40 கிலோமீட்டர் போய்விடும். அந்த இறக்கத்துக்கு 'சறுக்கல்' அருமையான சொல், அப்படியே இருக்கட்டும். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. கிளைடர் இறங்கும் வேகத்தைவிடச் சுற்றியுள்ள காற்று வேகமாக மேலே எழுந்தால், கிளைடரும் அதோடு சேர்ந்து ஏறும். 2003 ஜனவரி 21 அன்று ஜெர்மன் கிளைடர் விமானி கிளவுஸ் ஓல்மன் அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலையை ஒட்டி ஒரே நாளில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தார். 2018 செப்டம்பர் 2 அன்று அதே நாட்டின் எல் கலஃபாத்தேயிலிருந்து போன பெர்லான் 2 கிளைடர், 22 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியது. இவற்றைச் 'சறுக்கல்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'மிதப்பு' என்றால் பள்ளிப் பாடத்தில் மிதப்பு விசை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. பலூனுக்கு அது சரி, கிளைடர் காற்றைவிடக் கனமானது. ஐயா ஒருவர் பருந்தைச் சொல்லி 'வட்டமிடுதல்' என்றார். மனதுக்குப் பிடித்த சொல்தான், ஆனால் வெயிலில் சூடாகி எழும் காற்றில் மட்டும்தான் வட்டமிடுவார்கள். மலையில் அப்படி இல்லை.

இதை நான் நேரில் பார்த்தேன். நியூசிலாந்தில் ஓமராமாவில் இரண்டு பேர் அமரும் கிளைடரில் பின் இருக்கையில் ஒரு நாள் போனேன். வடமேற்குக் காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தது. இழுத்துப்போன விமானத்தின் கயிற்றைக் கழற்றியதும் ஒரே குலுக்கல், பெல்ட் தோளை அழுத்த, தலை மேல்மூடியில் இடித்தது. அப்புறம் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்ட மூடியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த கம்பளி நூல் ஆடாமல் நேராகக் கிடந்தது, வேகமானி மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிக் காட்டியது, கீழே ஓஹாவு ஏரியின் கரையோ நகரவே இல்லை. காற்றுக்கு எதிர்முகமாக ஒரே இடத்தில் நின்றபடி ஏறிக்கொண்டே இருந்தோம். ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

ஆற்றில் முங்கிக் கிடக்கும் பாறையைத் தாண்டும் தண்ணீர், பாறைக்குக் கீழ்ப்புறம் எழும்பி ஒரு அலையாக நிற்குமே, தண்ணீர் ஓடினாலும் அலை இடம் மாறாதே, அதுதான் மலையைத் தாண்டும் காற்றிலும் நடக்கிறது. அலையின் முகட்டில் வில்லை போல ஒரு மேகம் அசையாமல் நிற்கும். முன்விளிம்பில் உருவாகிக்கொண்டும் பின்விளிம்பில் கரைந்துகொண்டும் இருக்கும்.

அதனால் நான் முன்வைக்கும் சொல் 'காற்றேறல்'. மரம் ஏறுகிறோம், மலை ஏறுகிறோம், பஸ்ஸிலும் ஏறுகிறோம். உயரப் போவது, ஒன்றின் மேல் தொற்றிக்கொண்டு அது கொண்டுபோகும் இடத்துக்குப் போவது, இரண்டையும் நம் 'ஏறு' ஒன்றே சொல்லிவிடுகிறது. கிளைடர் செய்வதும் இந்த இரண்டும்தான். 'வளியேறல்' இன்னும் செந்தமிழாக இருக்கும் என்று சிலருக்குத் தோன்றலாம், எனக்கும் முதலில் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'வெளியேறல்' என்றே காதில் விழுகிறது. காற்றேறல் என்றால் டயருக்குக் காற்று ஏற்றுவது நினைவுக்கு வராதா என்று கேட்டால், அதை 'காற்றடிப்பது' என்றுதானே சொல்கிறோம்.

இதிலிருந்து மற்றவை எளிதாகக் கிடைக்கும். மேலே தூக்குவது ஏறுகாற்று, கீழே தள்ளுவது இறங்குகாற்று. மலைச்சரிவை ஒட்டிப் போனால் சரிவுக் காற்றேறல், அலையில் போனால் அலைக் காற்றேறல். மலைக்கு அப்பால் எழும் அலைக்குப் பள்ளிப் புவியியலில் உள்ள 'காற்று மறைவுப் பக்கம்' உதவும்: மறைவுப்பக்க அலை. 'மறைவலை' என்று சுருக்க வேண்டாம், மீன் வலை மாதிரி படிக்கிறது.

எனக்கு முடிவுக்கு வராத சொல் ஒன்றுதான். என் தலையை இடிக்க வைத்த அந்தக் குலுக்கல், அலைக்கு அடியில் படுக்கைவாட்டில் உருளும் காற்று. 'சுழல்காற்று' என்றால் நட்டமாகச் சுழல்வது கண்ணில் வந்துவிடுகிறது. சப்பாத்திக் கட்டை உருள்வதுபோல் உருள்வதால் 'உருள்காற்று' என்று வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப்பக்கம் கடலிலோ மலையிலோ இதற்குப் புழக்கத்தில் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.