சீனாக்காரங்களுக்கு மதம் இருக்கா இல்லையா?

ஊர்சுத்தி:
சீனாவுல பெரும்பாலானவங்களுக்கு மதமே இல்லன்னு எங்க பாத்தாலும் போட்டிருக்கு. ஆனா சீனாவோட தென்கிழக்குல இருக்குற ஃபுஜியான் பக்கம் எடுத்த வீடியோவ பாத்தா கோயில்ல கூட்டம் நெரியுது, ஊதுபத்திய கட்டுக்கட்டா கொளுத்துறாங்க, ஒரே ஹால்ல புத்தரும் இருக்காரு, செவந்த மூஞ்சி தாடிக்கார ஜெனரலும் இருக்காரு. இது பௌத்தமா, இல்ல சீனாவுலயே பொறந்த தாவோ மதமா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

பழையபேப்பர்:
அங்க சாமி கும்பிட எதுலயும் மெம்பரா சேர வேண்டியதில்ல ப்ரோ. ஒரே சாவுக்கு பிக்குவையும் தாவோ பூசாரியையும் சேத்து கூப்பிடுற வீடுங்க இருக்கு, யாருக்கும் அது தப்பா தெரியாது. சர்வேல மதம் என்னன்னு கேட்டா 'ஒண்ணும் இல்ல'ன்னு டிக் பண்ற அதே ஆளுதான் ஏப்ரல்ல சிங்மிங்ங்குற முன்னோர் நாள் வந்துட்டா குடும்பத்தோட போயி தாத்தா கல்லறைய கூட்டிப் பெருக்கி, சாப்பாடு படைச்சு, காகிதப் பணம் எரிச்சுட்டு வருவாரு. 2008லருந்து அதுக்கு கவர்மெண்ட் லீவு வேற. அரசாங்கம் ஒத்துக்கிட்ட மதம் அஞ்சுதான்: பௌத்தம், தாவோ, இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட். இந்த ஊர்ச்சாமி வழிபாடு அதுல கிடையாது, அதனால பல கோயிலுங்க தாவோ கோயில்னு பதிஞ்சுக்கும், இல்லன்னா பண்பாட்டுச் சொத்துன்னு காட்டிக்கும்.

அந்த தாடிக்காரர் குவான் யூ. மூணு ராஜ்ஜியம் அடிச்சுக்கிட்ட காலத்து தளபதி. ஹாங்காங்ல போலீஸ் ஸ்டேஷன்லயும் அவர கும்பிடுவாங்க, அவங்க தேடுற ரவுடி கும்பலும் அவரத்தான் கும்பிடும் 😀

அடுப்பங்கரை:
அடுப்பு சாமிய விட்டுட்டீங்களே! மேல ஜேட் பேரரசர்னு ஒருத்தர், அவருக்குக் கீழ எல்லா சாமிக்கும் ஒரு உத்தியோகம். அடுப்புக்கு மேல ஒட்டியிருக்குற படத்துல இருக்குறவருக்கு என்ன வேலைன்னா, வருஷம் பூரா வீட்டுல நடக்குறத நோட் பண்ணி, பன்னெண்டாவது மாசம் 23ம் நாள் மேல போயி ரிப்போர்ட் கொடுக்கணும் (தெக்கத்தி பக்கம் 24). அதனால கிளம்புறதுக்கு முன்னாடி படத்துல வாய் இருக்குற எடத்துல தேனோ பாகோ தடவிடுவாங்க, ஒண்ணு இனிப்பா பேசுவாரு, இல்ல வாய் ஒட்டிக்கும். அப்புறம் படத்த எரிச்சு அனுப்பிட்டு புதுவருஷத்துக்கு புதுசு ஒட்டுவாங்க. சாமிக்கே லஞ்சம்!

ப்ரமோஷனும் உண்டு. மாசூ 960ல மெய்ஜோ தீவுல பொறந்த சாதாரணப் பொண்ணுன்னு சொல்லுவாங்க, கடல்ல மாட்டுனவங்கள காப்பாத்துறவ. சொங் ராஜவம்ச காலத்துலருந்து ராஜாக்கள் பட்டத்த கூட்டிக்கிட்டே போயி, கடைசில சிங் ராஜவம்ச ஆட்சில வானத்து மகாராணியாவே ஆக்கிட்டாங்க. 2009ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் வந்துட்டா. வேலை சரியில்லன்னா திட்டும் விழும், மழை பெய்யலன்னா மழைச்சாமி சிலைய தூக்கி வெயில்ல வச்சுடுவாங்க, காயட்டும்னு.

சந்தேகம்சாமி:
எல்லாம் சரி, ஆனா 'கலாச்சாரம்'னு பேர் வச்சு இத இப்ப ஷோகேஸ்ல வைக்கிறாங்கன்னு தோணுது. 1966ல மாவோவோட கலாச்சாரப் புரட்சில பழசையெல்லாம் ஒழிக்கணும்னு கிளம்பி சிலைய உடைச்சு, முன்னோர் பேர் எழுதுன பலகைய எரிச்ச நாடுதானே. இப்ப டிக்கெட் போடுற கோயில்ல பக்தி எவ்ளோ, டூரிசம் எவ்ளோ?

பழையபேப்பர்:
டிக்கெட் கோயில் பத்தி சொன்னது நியாயம்தான். ஆனா தெரு முக்குல இருக்குற சின்ன கோயில்ல பாருங்க, பிறைநிலா மாதிரி ரெண்டு மரத்துண்டு கெடக்கும், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. சாமிகிட்ட கேள்வி கேட்டுட்டு தரையில போடணும். ஒண்ணு தட்டை ஒண்ணு மேடா விழுந்தா 'சரி'. ரெண்டும் மேடு மேல பாத்தா 'கூடாது'. ரெண்டும் தட்டை மேல பாத்தா சாமி சிரிக்குறாரு, அதாவது தெளிவான பதில் இல்ல. இத யாரும் டூரிஸ்டுக்காக பண்றதில்ல.

ஊர்சுத்தி:
திரும்பத் திரும்ப 'கூடாது'ன்னே விழுந்தா?

அடுப்பங்கரை:
கேள்விய மாத்திக் கேப்பாங்க 😂