கடைக் களிம்பு போட்டு வரும் படர்தாமரை: கேஓஎச் ஸ்லைடில் பூஞ்சை சிக்குவதில்லை, தவறு எங்கே?

குழித்துறை லேப்:

களியக்காவிளை, பாறசாலை சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் தோல் சுரண்டல் மாதிரிகளைப் பற்றி ஒரு சந்தேகம். நிறையப் பேர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். இடுப்பைச் சுற்றி, தொடையிடுக்கில், பிட்டத்தில் வட்டம் வட்டமாக இருக்கும். அவர்கள் வாயில் அது வட்டச்சொறி, இல்லாவிட்டால் புழுக்கடி. எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கடையில் கேட்டு வாங்கிய கலவைக் களிம்பை (ஸ்டீராய்டான குளோபெட்டசால், பாக்டீரியாவுக்கான நியோமைசின், பூஞ்சைக்கான மைக்கோனசோல் மூன்றும் சேர்ந்தது) மாதக்கணக்கில் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

டாக்டர் சீட்டில் 'படர்தாமரை, கேஓஎச் பார்க்கவும்' என்று எழுதியிருக்கும். 10% கேஓஎச் (தோல் செல்லைக் கரைத்துப் பூஞ்சையைக் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) விட்டு 5 நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, அல்லது எண்ணெய்க் குமிழிகள்தான். நெகட்டிவ் என்று கொடுத்தால் அதே ஆள் அதே சீட்டோடு திரும்ப வருகிறார். தவறு சுரண்டுவதிலா, கரைசலிலா, பார்ப்பதிலா? களிம்பை நிறுத்தி எத்தனை நாள் கழித்து மாதிரி எடுக்க வேண்டும்? கல்ச்சருக்கு (பூஞ்சையை வளர்த்துப் பார்க்க) அனுப்புவதானால் எதில் வைத்து அனுப்புவது? டெர்பினாஃபின் (பூஞ்சைக்கான மாத்திரை) கேட்காத கேஸ் என்று சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட்டில் என்ன எழுதினால் டாக்டருக்கு உதவும்?

நாற்பது எக்ஸ்:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்டீராய்டு போட்ட தோலில் பூஞ்சை குறையாது, பெருகத்தான் செய்யும். குறைவது செதிலும் சிவப்பும். பிளேடில் வருவது செதில் என்பதால் சிக்குவது கம்மியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதே களிம்பில் மைக்கோனசோலும் இருப்பதால் மேல்தோலில் இருப்பது கொஞ்சம் அடங்கியும் இருக்கும். ஆக, ஒரு நெகட்டிவ் ஸ்லைடை வைத்துப் பூஞ்சை இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

எடுக்கும் இடம்தான் பாதி வேலை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு வளையத்துக்குள் வளையமாக இரண்டு மூன்று ஓரங்கள் இருக்கும். ஆகக் கடைசி வெளி ஓரத்தில், லேசாக மேடு தட்டுகிற இடத்தில் எடுக்க வேண்டும். கறுத்துப்போன நடுப்பகுதியைச் சுரண்டினால் வருவது வெறும் தோல். சிறு கொப்புளங்கள் இருந்தால் அதன் மூடியை எடுத்துப் போடுங்கள். அங்கிருக்கும் பூனைமுடி இரண்டு மூன்றையும் இடுக்கியால் பிடுங்கிச் சேருங்கள். முடிக்கால் வரை பூஞ்சை இறங்கியிருந்தால் அதில் தெரியும், தெரிந்தால் அது டாக்டருக்கும் பெரிய தகவல்.

எடுப்பதற்கு முன் 70% ஆல்கஹாலால் நன்றாகத் துடையுங்கள். உங்கள் எண்ணெய்க் குமிழி அந்தக் களிம்புதான். துடைக்கப் பஞ்சு வேண்டாம், காஸ் துணி போதும். பஞ்சின் நார் ஸ்லைடில் பூஞ்சை இழை மாதிரியே படுத்துக் கிடக்கும். ஆல்கஹால் காய்ந்த பிறகு 15ஆம் நம்பர் பிளேடைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, உள்ளிருந்து வெளி ஓரம் நோக்கிச் சுரண்டுங்கள். ரத்தம் துளிர்த்தால் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். செதிலே வராத இடத்தில் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை ஓரத்தில் அழுத்தி உரித்து, கேஓஎச் துளியின் மேல் ஒட்டிப் பார்க்கலாம்.

5 நிமிடம் போதவே போதாது. தோலுக்கு 10% சரி, ஆனால் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள், மேலே கவர்ஸ்லிப், ஈரப் பஞ்சு வைத்த பெட்ரி டிஷ்ஷுக்குள் ஸ்லைடு. அவசரத்துக்குச் சுடரில் காட்டுவதானால் வெதுவெதுப்போடு நிறுத்த வேண்டும். கொதித்தால் கேஓஎச் படிகமாகி ஸ்லைடு முழுக்க ஊசி ஊசியாக நிற்கும். டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு) 40% சேர்த்த கரைசல் கிடைத்தால் சூடே தேவையில்லை, சீக்கிரம் கரையும். கரைசல் பாட்டில் எத்தனை மாதப் பழசு என்றும் பாருங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட் ஆகிவிட்டால் கரைக்கும் சக்தி போய்விடும். 10 கிராம் துகளை வடிநீரில் கரைத்து 100 மில்லிக்குக் கொண்டுவந்து, இறுக மூடும் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூடி ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியையும் அரிக்கும்.

பார்க்கும்போது மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கி, ஒளியைக் குறைக்கும் ஐரிஸை மூடுங்கள். பளிச்சென்ற வெளிச்சத்தில் இழை தெரியவே தெரியாது. இந்த ஒரு தவறுதான் நல்ல ஸ்லைடையும் நெகட்டிவாக்குகிறது. 10 எக்ஸில் முழு ஸ்லைடையும் உழுதுவிட்டு, சந்தேகப்பட்ட இடத்தை 40 எக்ஸில் பாருங்கள். பூஞ்சை இழை ஒரே சீரான அகலத்தில், குறுக்குச்சுவரோடு, கிளை பிரிந்து, செல் எல்லைகளைச் சட்டை செய்யாமல் குறுக்கே ஓடும். செல் எல்லையை ஒட்டியே வளைந்து போய், அகலம் மாறி மாறி, திடீரென்று அறுந்து நின்றால் அது செல்களுக்கு நடுவே தேங்கிய கொழுப்புக்கோடு. துண்டு துண்டான குட்டை இழையும் கொத்துக் கொத்தாக உருண்டைகளும் சேர்ந்திருந்தால் அது தேமல், படர்தாமரை இல்லை. முடிந்ததும் லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள், கேஓஎச் அதையும் தின்னும்.

கல்ச்சருக்கு: மாதிரியைக் கறுப்புக் காகிதத்தில் மடித்துக் காய்ந்தபடி அனுப்புங்கள். சலைன், ஃபார்மலின், ஃபிரிட்ஜ் எதுவும் வேண்டாம். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் சேர்ந்து பாக்டீரியா முந்திக்கொள்ளும். பூஞ்சைக் களிம்பை 2 வாரமாவது நிறுத்தியபின் எடுத்தால் கல்ச்சர் நன்றாக வரும். ஸ்லைடுக்காக அவ்வளவு காத்திருக்க வேண்டாம், இன்றே எடுங்கள், வராவிட்டால் நிறுத்தி மறுபடி எடுங்கள். பூஞ்சை வளர்க்கும் ஊடகம் சபோராட் அகார், குளோராம்ஃபெனிகாலும் சைக்ளோஹெக்ஸிமைடும் சேர்த்தது, 25 முதல் 30 டிகிரி. 4 வாரம் ஆகாமல் நெகட்டிவ் எழுதக்கூடாது.

தோல் வார்டு:

மேலே சொன்னதோடு ஒன்று. தொடையிடுக்கில் ஸ்லைடு திரும்பத் திரும்பச் சுத்தமாக வந்தால் எரித்ராஸ்மாவை நினையுங்கள். அது பாக்டீரியா, கேஓஎச்சில் வராது. உட்ஸ் விளக்கில் (புற ஊதா விளக்கு) பவளச் சிவப்பாக ஒளிரும். ஆனால் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவரிடம் ஒளிராது, அந்த நிறப்பொருள் தண்ணீரில் கழுவிப்போய்விடும்.

மருந்து எதிர்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லைடு எதிர்ப்பைச் சொல்லாது, கல்ச்சரில் வளரும் காலனியின் தோற்றமும் சொல்லாது. இப்போது நம் நாட்டில் பரவலாக இருப்பது ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை. 2020இல் ஜப்பானில் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்ததை வைத்துத் தனி இனமாகப் பெயரிட்டார்கள். மென்டாக்ரோஃபைட்டிஸ் வகையிலிருந்து அதைப் பிரிக்க ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதியின் வரிசை பார்க்க வேண்டும். டெர்பினாஃபின் போய் ஒட்டுவது ஸ்குவாலீன் எபாக்ஸிடேஸ் என்ற நொதியில். அதில் 393, 397ஆம் இடங்களில் அமினோ அமிலம் மாறிவிட்டால் மருந்து ஒட்டாது. இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து அடிப்பது வேறு நொதியை, அதனால்தான் அங்கே மாறுகிறோம்.

ஆனால் 'டெர்பினாஃபின் கேட்கவில்லை' என்று வருபவர்கள் எல்லாருக்கும் எதிர்ப்பு என்று நினைக்க வேண்டாம். மாத்திரை தின்றுகொண்டே ராத்திரி ஸ்டீராய்டு தேய்ப்பவருக்கு எந்த மருந்தும் கேட்காது. ஆகவே ரிப்போர்ட்டில் உங்களால் தர முடிந்தது மூன்று: எடுத்த இடம், கடைசியாகக் களிம்பு போட்ட நாளும் அதில் என்ன இருந்தது என்பதும், பூனைமுடியில் பூஞ்சை உண்டா இல்லையா. முடியில் இருந்தால் களிம்பு மட்டும் கொடுத்துப் பயனில்லை, உள்ளுக்கு மருந்து வேண்டும்.

டாக்டர் மேற்பார்வையில் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது டெர்பினாஃபின் தினம் 250 மி.கி. அல்லது இட்ராகோனசோல் தினம் 100 முதல் 200 மி.கி. பழைய புத்தகத்தில் இருக்கும் 2 வாரக் கணக்கு இப்போது செல்லாது. 4 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். காலண்டரைப் பார்த்து நிறுத்துவதில்லை, தோலைப் பார்த்து நிறுத்துவது. ஈரல் பரிசோதனை முன்பே எடுக்க வேண்டும், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு உள்மருந்து கிடையாது, களிம்பு மட்டும்.

ஸ்டீராய்டை நிறுத்திய முதல் வாரம் அரிப்பும் சிவப்பும் ஏறும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் பழைய டியூபுக்கே ஓடிவிடுவார்கள். அதேபோல் ஆறியபின் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அரிப்பு இல்லை, செதில் இல்லை, ஓரத்தில் மேடு இல்லை என்றால் அது வெறும் கறை. அந்தக் கறையை நோய் என்று நினைத்து மறுபடி ஸ்டீராய்டு போடுகிறார்கள், வட்டம் அங்கேதான் மறுபடி தொடங்குகிறது. தொடையில் விழுந்த வரித்தழும்பு மட்டும் போகவே போகாது, அதற்குப் பொய் நம்பிக்கை கொடுக்க வேண்டாம்.

மருந்தாளுநர்:

2018லேயே 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச்சில் சேர்த்தாயிற்று, சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. நடப்பது உங்களுக்கே தெரியும்.

இட்ராகோனசோல் கேப்ஸ்யூலுக்கு வயிற்று அமிலம் வேண்டும், முழுச் சாப்பாடு முடிந்த கையோடு விழுங்கணும். பால்வெட்டுக்கு விடியுமுன் போகிறவரிடம் 'காலையில் ஒன்று' என்று சொன்னால் கட்டஞ்சாயாவோடுதான் போடுவார். மத்தியானச் சோற்றுக்குப் பின் என்று சொல்லுங்கள். கேஸ் டிரபிளுக்கு என்று ஓமெப்ரசோல், பேன்டோப்ரசோல் தின்பவருக்கு மருந்து ஏறாது. ஜெலுசில் வகை அமிலமுறிப்பான் என்றால் கேப்ஸ்யூலுக்கு 1 மணி முன்போ 2 மணி பின்போ. 65 மி.கி. என்று வருவது உறிஞ்சும் திறன் கூட்டியது, அது பழைய 100 மி.கி.க்குச் சமம். கணக்குத் தெரியாமல் இரண்டாகக் கொடுத்துவிடக் கூடாது.

இதய பலவீனம் இருந்தால் இட்ராகோனசோல் தரவே கூடாது. கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் தின்பவருக்கும் ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போய்க்கொண்டிருந்தால் இட்ராகோனசோல் ரத்தத்தில் நிற்காது, காசு தண்டம்.

களிம்பின் அளவு: சுட்டுவிரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை பிதுக்கினால் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். நாலு உள்ளங்கை அளவு பரவியவருக்கு லுலிகோனசோல் பூஞ்சைக் களிம்பு தினம் ஒருவேளை போட்டால் 1 கிராம். ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. நல்ல தோலிலும் போட வேண்டும் என்பதால் 10 கிராம் டியூப் 10 நாள்கூட வராது. அதே டியூபை ஒரு மாதம் ஓட்டினேன் என்று சொன்னால் அவர் மருந்து போடவில்லை. ஆறியபின்னும் 2 வாரம் தொடர வேண்டும்.

மலையோரக் கிராமசபை:

அரைஞாண் கயிறை யாருமே சொல்லவில்லையே. வேர்வையும் மழைத்தண்ணியும் குடித்து எப்போதும் ஈரமாக இடுப்பில் கிடப்பது அது. அவிழ்க்க மாட்டேன் என்பவரிடம், சிகிச்சை முடியும் வரையாவது கழற்றிவிட்டுப் பின் புதுசு கட்டச் சொல்லுங்கள். லுங்கி, ஜட்டி, துவர்த்து (துண்டு) எல்லாம் தனி வாளியில். கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டால் பூஞ்சை சாகாது, 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் வேண்டும். இடவப்பாதி மழையில் வெயில் கிடைக்காதபோது இடுப்பு மடிப்பும் தையலும் நன்றாகச் சூடேற இஸ்திரி போட வேண்டும். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மருந்து.

வண்டுகொல்லி இலை (சீமை அகத்தி) அரைத்துப் போடுவது பற்றியும் கேட்பார்கள். பூஞ்சைக்கு எதிரான பொருள் அதில் உண்டுதான். ஆனால் ஸ்டீராய்டில் மெலிந்த தொடைத்தோலில் அரைத்துக் கட்டினால் வெந்துபோகும். பூண்டு அதைவிட மோசம்.

தோல் வார்டு:

அண்ணாச்சி சொன்னது சரி. இன்னொன்று, வட்டமாக இருக்கிறது, ஆனால் அரிக்கவே இல்லை என்று ஒருவர் சொன்னால் பிளேடை எடுக்குமுன் பஞ்சுத் திரியால் தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, பட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோய்ச் சந்தேகம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், கூட்டு மருந்து அங்கே இலவசம். படர்தாமரைக்கு அரிப்பு இல்லாமல் இருப்பது அபூர்வம்.

குழித்துறை லேப்:

நன்றி. கண்டென்சர் ஏற்றியேதான் இருந்தது, நேரமும் இனி 20 நிமிடம். கடைசியாக ஒன்று: இவர்களில் சிலருக்குக் கால் நகமும் தடித்து மஞ்சளாக இருக்கிறது. அதையும் எடுக்கணுமா?

நாற்பது எக்ஸ்:

கட்டாயம் எடுக்கணும். நகத்தில் இருப்பது திரும்பத் திரும்ப இடுப்புக்கு வரும். வெளியில் நீட்டி நிற்கும் நகத்தை வெட்டித் தள்ளிவிட்டு, அடியில் தோலோடு சேரும் இடத்திலுள்ள மாவு மாதிரிப் பொடியைச் சுரண்டுங்கள். முதலில் வருவதை எறிந்துவிட்டு, ஆழத்தில் வருவதை எடுங்கள். கேஓஎச் 20%, ராத்திரி ஊறவிட்டுக் காலையில் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். கால் நகத்துக்கு டெர்பினாஃபின் 12 வாரம் என்பதால் அவருடைய மருந்துக் கணக்கே மாறும்.