புதுப்பிப்பு: வகுப்பறைக்குப் பாரமீசியம் வளர்ப்பது

குளத்து நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரியான பாரமீசியத்தைப் பிள்ளைகளுக்கு உயிருடன் காட்ட எளிய வழி கேட்டிருந்தேன். வைக்கோல் தண்ணீர் போதும் என்றீர்கள். அதுவே கைகொடுத்தது, நன்றி.

வைக்கோலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அப்புறம் கொஞ்சம் குளத்துத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் பாக்டீரியா பெருகி நீர் கலங்கும். அதைத் தின்றுதான் பாரமீசியம் பெருகுகிறது, அதனால் கலங்கியதும் கொட்டிவிடாதீர்கள். நீளம் 0.3 மி.மீ. வரை இருப்பதால், ஜாடிக்குப் பின்னால் கறுப்புத் தாளை வைத்தால் வெள்ளைப் புள்ளிகளாக வெறும் கண்ணுக்கே தெரியும். மேற்பரப்பை ஒட்டித்தான் கூட்டம் அதிகம். சொட்டு எடுப்பதும் அங்கேதான்.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது சிக்கல் பாரமீசியத்தின் வேகமான ஓட்டம். ஸ்லைடில் சில பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டதும் இடையில் மாட்டிக்கொண்டு நின்றது. செல்லுக்குள் சேரும் மிகை நீரை வெளியேற்றும் பையான சுருங்கும் நுண்குமிழ் நிரம்பிச் சட்டென்று காலியாவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். புத்தகத்தில் வெறும் வட்டமாக இருந்தது கண்முன் வேலை செய்கிறது! மணி அடித்தும் யாரும் எழவில்லை. எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒரு ஜாடி இருக்க வேண்டும்.

பராமரிப்பு சுலபம்: நேரடி வெயில் படாத இடம், அவ்வப்போது வேகவைத்த ஓர் அரிசிமணி, சில வாரங்களுக்கு ஒருமுறை புது ஜாடிக்கு மாற்றம்.

அடுத்து, லேசான உப்புநீரில் அந்த நுண்குமிழின் துடிப்பு குறைவதை எண்ணிப் பார்க்கப் போகிறோம்.